ஒரு செவ்வாய் குறைகிறது

செவ்வாய்க்கிழமையில் யாரும் முகூர்த்தம் வைப்பதில்லை.
எனக்கு அது விதைக்கிற நாள்.
மற்ற நாளெல்லாம்
எண்ணூறு இலைக்கு உப்புப் பார்க்கிற நாக்கு.

புதுவயலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
ஒரு சாண் செம்மண்,
அதற்குக் கீழே செம்புறாங்கல்.
கடப்பாரை போட்டால் பொறி பறக்கும்.
முருங்கையே அங்கே முகம் சுளிக்கும்.
இரண்டு கோடை தரையோடு மல்லுக்கட்டினேன்.
பிறகு தரையைக் கேட்காமல் மேலே ஏறினேன்:
மூடிப்போன அரிசி ஆலையின்
புகைபோக்கிச் செங்கல் ஒரு லோடு,
கரி இன்னும் ஒட்டியிருந்தது.
ஒரு முழ உயரத்தில் நாலு பாத்தி.

அடியில் தென்னை மட்டை,
அதன்மேல் சாணி, உமிச் சாம்பல்,
அதற்கும் மேலே
நான் சமைத்துப் போட்ட கல்யாணங்களின் எச்சில் இலை,
ஆறு மாதம் மக்கியது.
எது பெண் வீட்டார், எது மாப்பிள்ளை வீட்டார் என்று
இனி யாராலும் பிரிக்க முடியாது.

முதல் வருஷம் தொழில் புத்தி.
நாலு பாத்தியிலும் ஒரே நாளில் முள்ளங்கி.
நாற்பத்தைந்தாம் நாள் அத்தனையும் தயார்.
பந்தல் இல்லை, பந்தி இல்லை,
வீட்டில் இரண்டே பேர்.
சாம்பார், பொரியல், துவையல், மறுபடி சாம்பார்.
தெருவுக்கெல்லாம் கொடுத்தோம்.
மூன்றாம் நாள்
வள்ளிக்கண்ணு முறத்தோடு வருவதைப் பார்த்து
ராயப்பன் வீட்டில் விளக்கை அணைத்தார்கள்.
அப்புறம் ஒரு மாதம்
பாத்தியில் பிடுங்கிய குழிகள் மட்டும்.

"நம்ம வீட்டுல யாருக்குக் கல்யாணம்?
கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்க."

அன்றிலிருந்து
தண்டங்கீரை, செவ்வாய்க்கு ஒரு வரிசை,
மணலில் கலந்து தூவியது.
முள்ளங்கி ஒன்றுவிட்ட செவ்வாய், எட்டு விதை.
ஒன்பதாவது விதை விரலில் ஒட்டினால்
டப்பாவில் திரும்பத் தட்டிவிடுவேன்.
ஒரே பாத்தியில்
போன வாரமும் வருகிற வாரமும்
தோளுரசி நிற்கும்.
இருபத்தெட்டாம் நாள் ஒரு வரிசை அறுப்பு,
இரண்டு பேருக்குச் சரியாய் ஒரு சட்டி.

கார்த்திகை இரண்டாம் செவ்வாய்
நான் விதைக்கவில்லை.
முந்தின ராத்திரி சண்டை.
குக்கர் மூடியில் ஆரம்பித்து
என் தம்பிக்குக் கொடுத்த கடனில் முடிந்தது.
விடிவதற்குள் அறந்தாங்கி பஸ் ஏறி
அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.
விதை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு
மழை நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
நின்ற பிறகும் உட்கார்ந்திருந்தேன்.
புதன்கிழமை போட்டிருக்கலாம்.
போடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தாள்,
ஒரு சீப்பு பூவம்பழத்தோடு.
"பஸ்ல கூட்டமா?"
"கூட்டந்தான்."
அவ்வளவுதான் பேசினோம் அதைப் பற்றி.

மார்கழியில் எனக்கு வேலை கிடையாது.
அடுப்படியில் அவளுக்கு இடைஞ்சலாய்
நின்றுகொண்டிருப்பேன்.
கத்தியோடு கொல்லைக்குப் போனவளை
வெகுநேரம் காணோம்.
போய்ப் பார்த்தேன்.

போன வாரம் அறுத்த கட்டைகள்.
அடுத்த வாரத்துக் கீரை.
நடுவில் ஒரு சாண் வெறும் மண்,
இரண்டு பக்கத் தழையும் இவ்வளவு நாள்
மூடி வைத்திருந்தது.

"முளைக்கலையா?"
"எறும்பு இழுத்திருக்கும்."

அவள் விரல் மடக்கிப் பின்னோக்கி எண்ணினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நாலாவது விரலை மடக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

பிறகு குனிந்து
கத்தி முனையால்
அந்த வெறும் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள்.
என் முகத்தைப் பார்க்காமல்
கையை மட்டும் நீட்டினாள்.
டப்பாவைக் கொடுத்தேன்.

அன்றைக்கு ரசமும் சுட்ட அப்பளமும்.
கிழமை வியாழன்.